முன்மாதிரி வரைக்கும் பணம் உண்டு, அப்புறம்?

2025 ஜனவரி 6

வாசகர் ஒருவரின் கேள்வி, அப்படியே: "மருத்துவக் கருவி ஆராய்ச்சிக்கு நம் அரசு காசே தருவதில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரியில் எதைத் தொட்டாலும் வெளிநாட்டுப் பெயர் இருக்கிறது. மறுக்க முடியுமா?"

பாதியை மறுக்கலாம். இறக்குமதி விஷயம் உண்மைதான். நாம் பயன்படுத்தும் கருவிகளில் 70-80 சதவீதம் வெளியிலிருந்து வருகிறது என்று அரசுத் தரப்பே பல வருடமாகச் சொல்லி வருகிறது. ஆனால் காசே இல்லை என்பதை 2012-க்கு முன் சொல்லியிருந்தால் ஓரளவு தலையாட்டியிருப்பேன். அந்த வருடம் பைராக் வந்தது, உயிரித் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு மானியம் தருகிற அரசு அமைப்பு. யோசனையை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கும் அதன் இக்னிஷன் கிரான்ட் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது, 18 மாதத்துக்கு. 2023 ஆகஸ்டில் 'பிரிப்' திட்டம், மருந்தும் கருவியும் சேர்த்து 5,000 கோடி. போன நவம்பரில் கருவித் துறைக்கென்றே 500 கோடி.

நான் சிரிஞ்சு பம்ப் (சிரிஞ்சில் உள்ள மருந்தை மெதுவாக நோயாளிக்குச் செலுத்தும் கருவி) செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். என் புகார் வேறு. முன்மாதிரி மேஜைமேல் ஓடும் வரைக்கும் பணம் கிடைக்கிறது. அங்கிருந்து நோயாளியின் கட்டில் வரைக்கும் உள்ள தூரத்துக்குத்தான் யாரும் பொறுப்பேற்பதில்லை.

ஜனவரி 7

"50 லட்சம் போதாதா?" என்று இரண்டு பேர்.

முன்மாதிரிக்குப் போதும். அப்புறம் நடப்பதைக் கேளுங்கள். 3டி பிரிண்டரில் எடுத்த உறைக்குள் மின்பலகையை வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகிறோம். அங்கே நிலைமின்சாரத்தைப் பாய்ச்சுகிற துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்திருப்பார்கள். உலோகம் தெரிகிற இடத்தில் அதைத் தொட்டு 8 கிலோவோல்ட், பிளாஸ்டிக் பக்கத்தில் காற்று வழியாக 15 கிலோவோல்ட். மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரவிதி ஐஇசி 60601-1-2 கேட்பது அது. குளிர்காலத்தில் கம்பளியை உதறிவிட்டு நர்ஸ் பம்ப்பைத் தொட்டால் என்ன ஆகும் என்பதன் ஆய்வக வடிவம். எங்கள் பம்ப்பில் பொத்தான் பலகையும் உறையும் சேரும் இடுக்கில் பொறி பாய்ந்தது. திரை ஒரு நொடி வெளுத்து, கருவி தானே அணைந்து எழுந்தது. டிவி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பம்ப் என்றால் மருந்து நின்றுவிட்டது என்று அர்த்தம்.

பலகைக்கு அடியில் தாமிரத் தகடு, கேபிளில் மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம், எர்த் பாதையில் மாற்றம். மறுபடி வரிசை, மறுபடி கட்டணம். தேறினோம். பிறகு உறைக்கு இன்ஜெக்ஷன் மோல்டு, அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் அச்சு, செய்தோம். பிளாஸ்டிக் தடிமன் மாறியது, இடுக்கு கொஞ்சம் நகர்ந்தது. எனவே பரிசோதனை மறுபடி முதலிலிருந்து, ஏனென்றால் விற்கப்போகும் வடிவம்தான் தேறவேண்டும். மோல்டு செலவை மானியத்தில் கேட்டபோது "அது உற்பத்தி, ஆராய்ச்சி இல்லை" என்று தள்ளிவிட்டார்கள். மோல்டு இல்லாமல் ஆராய்ச்சி முடியாது என்பதை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஜனவரி 9

"பம்ப்பில் என்னப்பா ஆராய்ச்சி? மோட்டார் திருகைச் சுற்றுகிறது, திருகு சிரிஞ்சைத் தள்ளுகிறது."

இதை எழுதியவரோடு உட்கார்ந்து ஒரு காபி குடிக்க ஆசை. 50 மில்லி சிரிஞ்சில் மணிக்கு 1 மில்லி ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பிஸ்டன் ஒரு மணி நேரத்தில் நகர்வது 2 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த வேகத்தில் ரப்பர் முனை வழுக்காது. ஒட்டும், அழுத்தம் சேரும், பிறகு திடீரென்று ஒரு தாவு தாவும். பச்சைக் குழந்தைக்கு அட்ரினலின் போகும்போது அந்த ஒட்டலும் தாவலும் அப்படியே ரத்த அழுத்த மானிட்டரில் தெரியும். அட்ரினலின் ரத்தத்தில் தாக்குப்பிடிப்பது இரண்டொரு நிமிடம்தான். சிரிஞ்சு கம்பெனி மாறினால் ரப்பரும் சிலிகான் பூச்சும் மாறும், ஒட்டலும் மாறும். ஆஸ்பத்திரி எந்த சிரிஞ்சை வாங்கும் என்பதோ அந்த மாத டெண்டரைப் பொறுத்தது.

இதை அளக்கிற விதமும் சுவாரஸ்யம். தராசுமேல் பாத்திரம், அதில் தண்ணீர் சொட்டுகிறது, எடையைக் கணினி எழுதிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு மெதுவான ஓட்டத்தில் தண்ணீர் ஆவியாவதே பெரிய பிழை. அதனால் மேலே திரவ பாரஃபின் ஒரு படலம். ஏசி காற்று தராசில் படாமல் மூடி. யாராவது கதவை அறைந்து சாத்தினால் வரைபடத்தில் ஒரு முள். எங்கள் ஆய்வகக் கதவில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை வாசகத்தை இங்கே எழுத முடியாது.

ஜனவரி 14

பொங்கல் விடுமுறை. நீளமாக எழுதலாம்.

"இந்தியாவில் அரசுப் பணத்தில் உருப்படியாக ஏதாவது வந்திருக்கிறதா?" என்று சவால் விட்டவருக்கு: சித்ரா இதய வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிலையத்தில் 1970களின் பிற்பகுதியில் ஆரம்பித்த வேலை. முன்னின்று நடத்தியவர் மறைந்த டாக்டர் எம். எஸ். வலியத்தான். பொறியாளர் இல்லை, இதய அறுவை சிகிச்சை நிபுணர். முதல் நோயாளிக்குப் பொருத்தியது 1990 டிசம்பரில்.

இடையில் என்ன நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. இன்று புழங்குவது நான்காவது வடிவம். முன்னால் போன மூன்றும் தோற்றவை. ஒன்றில் பற்றவைத்த இடம் விட்டுப்போனது. வால்வுக்குள் திறந்து மூடும் தட்டைச் செயற்கை நீலக்கல்லில் செய்து பார்த்தார்கள், தேயவே தேயாது என்று. செம்மறி ஆட்டின் உடம்புக்குள் அது உடைந்தது. கடைசியில் ஹேன்ஸ்-25 என்ற கோபால்ட் கலவை உலோகத்தில் சட்டம், மிக உயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீனில் தட்டு என்று வந்து நின்றார்கள். மேல்நாட்டு வால்வுகளில் இருந்த பைரோலிட்டிக் கார்பன் என்ற கடினமான பொருள் அப்போது நம்மிடம் கிடையாது. இருக்கிற பிளாஸ்டிக் தேய்மானத்தைத் தாங்குமா என்று வருடக்கணக்கில் எந்திரத்தில் அடித்துப் பார்த்தார்கள். இதயம் வருடத்துக்கு ஏறக்குறைய 3.8 கோடி தடவை துடிக்கிறது. இந்த வகை வால்வுக்கு இன்றைய சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 5840 கேட்பது 40 கோடி சுற்று, அதாவது பத்து வருடச் சொச்சத் துடிப்பு. எந்திரத்தில் வேகமாக அடித்தாலும் அது மாதக்கணக்கு வேலை.

இப்போது இதே திட்டத்தை 18 மாத மானியத்துக்கு எழுதிப் பாருங்கள். முதல் மைல்கல்லில் பற்றவைத்த இடம் விட்டுப்போகிறது. அடுத்த தவணை நிற்கிறது. கோப்பு மூடப்படுகிறது. நீலக்கல் வரைக்குமே போயிருக்காது, ஆடு பிழைத்திருக்கும்.

சித்ராவுக்கு வாய்த்தது பணம் மட்டும் இல்லை. பட்டறை, தேய்மான எந்திரம், விலங்குக் கூடம், அறுவை அரங்கு எல்லாம் ஒரே நிலையத்தின் கீழ். தோல்விக்கான செலவும் அதே பானையிலிருந்து. 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவ நிலையம் ஆனது வேறு. "ஏன் இன்னும் முடியவில்லை" என்று காலாண்டுக்கு ஒரு தடவை கடிதம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் எல்லாவற்றையும் அரசு நிலையமே செய்யட்டும் என்கிறீர்களா" என்று ஒருவர். இல்லை. வால்வைத் தயாரித்து விற்றது டிடிகே கம்பெனி. அதே சித்ராவின் ரத்தப் பை தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டதும் தனியார் கம்பெனிதான், இன்று டெருமோ பென்போல். தோற்றுப் பார்க்கிற செலவு அரசுடையது, தயாரிப்பு கம்பெனியுடையது. அந்தப் பங்கீடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 22

கோவை நண்பரின் கோபம்: "நம்மவர்கள் காப்பிதான் அடிக்கிறார்கள், புதிதாக யோசிப்பதே இல்லை."

யோசிப்பது இருக்கட்டும். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவிகள் விதிகள், 2017 என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஆபத்து அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகுப்பு. ஏ, பி மாநில அரசின் கையில், சி, டி டெல்லியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓ கையில். சிரிஞ்சு பம்ப் சி. ஏற்கெனவே அனுமதி பெற்ற கருவி ஒன்றைப் போல உங்களுடையது இருந்தால், அதோடு ஒப்பிட்டுக் காட்டி உரிமம் கேட்கலாம். முன்னோடி இல்லாத புதுக் கருவி என்றால் நோயாளிகளிடம் ஆய்வு நடத்தவேண்டும். நெறிக்குழு அனுமதி, காப்பீடு, ஆய்வு நடத்தும் மருத்துவர், அவருக்கு உதவியாள், தரவைப் பார்க்கப் புள்ளியியலாளர்.

நோயாளியின் பாதுகாப்பு என்று பார்த்தால் விதி சரி. ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். ஆனால் கம்பெனி முதலாளியின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். காப்பிக்குக் குறுக்கு வழி, புதுமைக்கு மலைப்பாதை. இந்த இடத்தில் ஆராய்ச்சி மானியம் வந்து மலைப்பாதையின் செலவைத் தாங்கினால்தான் கணக்கு மாறும். மானியமோ அடிவாரத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

ஜனவரி 23

ஒரு மறுயோசனை. காப்பியை இவ்வளவு இளக்காரமாகப் பேசவேண்டியதில்லை.

மதுரை ஆரோலேப். 1992-ல் தொடங்கினார்கள். கண்புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அவர்கள் கண்டுபிடித்ததில்லை. தொழில்நுட்பத்தை வெளியிலிருந்து வாங்கி, இங்கே செய்யக் கற்றுக்கொண்டு, விலையைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் அரவிந்த் மருத்துவமனை இருந்தது. முதல் நாளே வாங்குகிற கை தயார், குறையைச் சொல்லும் வாயும் தயார். அதில் ஆராய்ச்சி இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒரே லென்ஸை லட்சம் தடவை ஒரே மாதிரி செய்வது எப்படி என்பதே ஒரு ஆராய்ச்சி. அதற்கு எந்தப் பத்திரிகையும் இடம் தராது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 1

பட்ஜெட் நாள் என்பதால் வரிச்சலுகை பற்றிக் கேள்வி. சுருக்கமாக: வருமான வரிச் சட்டம் 35(2ஏபி) பிரிவில், கம்பெனிக்குள் நடக்கும் ஆராய்ச்சிச் செலவில் ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாயாகக் கழித்துக்கொள்ள முடிந்த காலம் இருந்தது. அது ஒன்றரையாகக் குறைந்து, 2020-21 நிதியாண்டு முதல் ஒன்றுக்கு ஒன்றாகிவிட்டது. பெரிய கம்பெனிகள் வருத்தப்பட்டன. லாபமே பார்க்காத எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வரி கட்டினால்தானே கழிக்க!

பிப்ரவரி 4

கொரியாவைப் பார் என்று ஒருவர். பார்த்திருக்கிறேன்.

2020-ல் அவர்கள் செய்தது: அறிவியல், தொழில், சுகாதாரம், மருந்து-உணவுப் பாதுகாப்பு என நான்கு துறைகளின் மருத்துவக் கருவி ஆராய்ச்சிப் பணத்தை ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். ஆறு வருடத்துக்கு ஏறக்குறைய 1.2 லட்சம் கோடி வோன். தொகையைவிட எனக்குக் கண்ணில் பட்டது அந்த நான்காவது துறை. அனுமதி தருகிற துறையும் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. யோசனை நிலையிலிருந்து மருத்துவ ஆய்வு, அனுமதி வரைக்கும் ஒரே கோப்பு.

இங்கே? பைராக் உயிரித் தொழில்நுட்பத் துறையில். பிரிப் மருந்துகள் துறையில், அது ரசாயனம் மற்றும் உர அமைச்சகத்துக்குக் கீழே. சிடிஎஸ்சிஓ சுகாதார அமைச்சகத்தில். மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் அதே அமைச்சகத்தில் இன்னொரு மாடி. மின்னணுப் பாகம் என்றால் இன்னொரு அமைச்சகம். உரத்துறை அமைச்சர் கையில் இதயக் குழாய் ஸ்டென்ட் இருப்பதைப் பற்றி நண்பர்கள் அடிக்கிற ஜோக்குகளைத் தனியாகத் தொகுக்கலாம்.

நியாயமாக இதையும் சொல்லவேண்டும்: 2023 டிசம்பரில் 'மெட்டெக் மித்ரா' என்று ஒரு வழிகாட்டும் ஏற்பாடு வந்தது, ஐசிஎம்ஆர், சிடிஎஸ்சிஓ எல்லாம் சேர்ந்து. யாரைக் கேட்பது என்று தெரியாமல் சுற்றியவர்களுக்கு அது உதவிதான். வழி சொல்வார்கள், நல்லது. வழிச்செலவு நம்முடையது.

பிப்ரவரி 5

கொரியா பின்குறிப்பு. அங்கேயும் பெரிய ஆஸ்பத்திரிகள் வெளிநாட்டுக் கருவியைத்தான் விரும்புகின்றன என்ற புலம்பல் இன்னும் ஓயவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டினால் டாக்டரின் கை தானாக உள்நாட்டுக் கருவிக்கு நீளும் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

பிப்ரவரி 9

டாக்டரின் கை என்றதும் ஒரு மயக்கவியல் மருத்துவர் பதில் எழுதியிருக்கிறார்: "நடு ராத்திரியில் அலாரம் அடித்தால் எனக்குப் பழகிய பம்ப் வேண்டும். தேசபக்திக்கு அப்போது நேரம் இல்லை." நூற்றுக்கு நூறு. எனக்கு ஆபரேஷன் நடந்தாலும் அப்படித்தான் விரும்புவேன்.

அதனால்தான் முதல் நூறு கருவிகளை யார் வாங்குகிறார்கள் என்பது ஆராய்ச்சிக்குள்ளேயே வரவேண்டிய கேள்வி. ட்ரூநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காசநோயைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் கருவி, பேட்டரியில் ஓடும், ஏசி அறை வேண்டாம். பெங்களூரு பிக்டெக் உருவாக்கியது, கோவாவின் மோல்பயோ தயாரிப்பது. ஆரம்பத்தில் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆரின் நிமிட்லி (NMITLI) திட்டப் பணம். பிறகு ஐசிஎம்ஆர் தானே சரிபார்த்தது. பிறகு தேசிய காசநோய் திட்டம் வாங்கியது. 2020-ல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. பணம், சரிபார்ப்பு, கொள்முதல் மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்று நழுவியிருந்தாலும் அது நல்ல ஆய்வுக் கட்டுரையாக நின்றிருக்கும்.

எங்கள் கதை: டெண்டர் நிபந்தனையில் 'யுஎஸ் எஃப்டிஏ அல்லது சிஇ சான்று இருக்கவேண்டும்' என்று ஒரு வரி, அதாவது அமெரிக்க அல்லது ஐரோப்பியச் சான்று. இந்திய உரிமம் போதாது, இந்திய ஆஸ்பத்திரிக்கு! அடுத்த வரி, மூன்று வருட விற்றுமுதல். தொடக்க நிறுவனங்களுக்கு அனுபவத்திலும் விற்றுமுதலிலும் தளர்வு தர 2017 பொது நிதி விதிகள் இடம் கொடுக்கின்றன. அதைக் காட்டிக் கடிதம் எழுதினோம். "தரலாம் என்றுதான் இருக்கிறது, தரவேண்டும் என்று இல்லை" என்றார் கொள்முதல் அலுவலர். நல்ல மனிதர், டீ கொடுத்து அனுப்பினார்.

பிப்ரவரி 10

"விலைக் கட்டுப்பாடுதான் புதுமையைக் கொல்கிறது" என்று ஒரு குரல். 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை வைத்ததைச் சொல்கிறார். மருந்து பூசியது 29,600 ரூபாய், பூசாதது 7,260, வரி தனி.

இதில் நான் இரண்டு பக்கமும் நிற்பேன். அதற்கு முன் லட்சத்தைத் தாண்டி விற்றதில் பெரும்பகுதி ஆராய்ச்சிக்குப் போகவில்லை, இடைத்தரகிலும் ஆஸ்பத்திரி லாபத்திலும் கரைந்தது. அதை வெட்டியது சரி. ஆனால் மருந்து பூசிய எல்லா ஸ்டென்ட்டுக்கும் ஒரே உச்சவரம்பு என்றால், கொஞ்சம் மெல்லிய, கொஞ்சம் மேலான ஒன்றைச் செய்து பத்து வருடம் நோயாளிகளைப் பின்தொடர்கிறவருக்கு அதே விலைதான். ஆதாரத்தோடு வருகிறவருக்கு மட்டும் தனி வரம்பு தரலாம். அப்படிச் சொன்னால் எல்லாருமே ஏதோ ஒரு ஆதாரத்தோடு வந்துவிடுவார்கள் என்பார் எங்கள் கணக்கர். அதுவும் உண்மைதான்.

பிப்ரவரி 16

500 கோடித் திட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிகிற பகுதி மருத்துவ ஆய்வுக்கான 100 கோடி. விலங்கு ஆய்வுக்கு 2.5 கோடி வரை, புதுக் கருவியை நோயாளிகளிடம் ஆய்வு செய்ய 5 கோடி வரை, ஏற்கெனவே சந்தையில் இருப்பதற்குத் தரவு சேர்க்கவும் உதவி உண்டு. மலைப்பாதைக்கு வழிச்செலவு என்று நான் ஜனவரியில் கேட்டது ஏறக்குறைய இதுதான். வந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 5 கோடி என்றால் 100 கோடியில் இருபது கருவி. நாட்டில் ஒரு வருடம் மானியம் வாங்கி முன்மாதிரியோடு நிற்பவர்களில் இருபது பேர் மேலே போகலாம். அதுவே பெரிய முன்னேற்றம் என்பேன், யாரும் அவசரப்பட்டுத் திட்டத்தைத் திட்டவேண்டாம். 3,420 கோடியில் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்று ஓடுகிறதே, அது கூடுதல் விற்பனைக்கு 5 சதவீதம் தருவது. விற்பனை இருந்தால்தான் அது. அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஆசை: விலங்கு ஆய்வு தோற்றால் அந்தத் தோல்வியின் தரவை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வைக்கவேண்டும். எந்தப் பொருள் எந்த இடத்தில் உடைந்தது என்று தெரிந்தாலே அடுத்தவரின் ஆடு தப்பிக்கும்.

பிப்ரவரி 22

கடைசியாக வந்த கேள்வி, இறுதியாண்டு மாணவி ஒருவரிடமிருந்து. கல்லூரித் திட்டமாக, நரம்பில் ஏற்றும் டிரிப்ஸ் திரவத்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவரும் கருவி செய்திருக்கிறார்கள், மேலே கொண்டுபோக என்ன வழி என்று.

தங்கச்சி, மானிய விண்ணப்பத்தை அப்புறம் திற. முதலில் ஒரு நோட்டை எடுத்து, கருவி எப்படியெல்லாம் ஆளைக் கெடுக்கலாம் என்று எழுது. சூடு அதிகமானால், சென்சார் கழன்றால், தண்ணீர் உள்ளே போனால், நர்ஸ் குழாயைத் தலைகீழாக மாட்டினால். இதுதான் கருவிகளின் ஆபத்து மேலாண்மைக்கான தரவிதி ஐஎஸ்ஓ 14971 கேட்கும் ஆபத்துக் கோப்பின் ஆரம்பம். இதைப் பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் எல்லாரும் பலகையைத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியும் காரணமும் எழுதி வை. பரிசோதனைக்காகக் கருவியைத் தயாரிக்கக்கூட உரிமம் வேண்டும். விண்ணப்பம் எம்டி-12, கிடைப்பது எம்டி-13. மானிய பட்ஜெட்டில் 'பரிசோதனை' என்று ஒரே வரியாகப் போடாதே, மறு பரிசோதனை என்று தனி வரி போடு. கேள்வி கேட்பார்கள். முதல் தடவையில் தேறிய கருவி ஒன்றைக் காட்டச் சொல்.

எந்த வார்டில் இதை வைக்கப்போகிறாய், அங்கே பிளக் பாயின்ட் கட்டிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு வந்து எழுது. மிச்சத்தை அப்போது பேசலாம்.